நாற்பது ஆம்ப் வாக்குமூலம்

அத்தியாயம் 9

"இதைப் பார்த்தா உனக்கு இன்னா தோணுது, பீமா?"

வளர்மதி மேடம் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். திரையில் ஒரு கறுப்புப் பெட்டி. மேலே கைப்பிடி, முன்னால் எண்கள் சுற்றிலும் போட்ட ஒரு திருகு, பக்கத்தில் தடியான வயர் ஒன்று சுருண்டு கிடந்தது.

"மைக்ரோவேவுக்குக் கைப்பிடி வச்ச மாதிரி இருக்குது மேடம். பாப்கார்ன் பொரியுமா?"

"இரும்பு பொரியும். பிளாஸ்மா கட்டர். கரண்டையும் காத்தையும் சேர்த்துக் கக்கும். கால் இஞ்சுத் தகடெல்லாம் இதுக்கு பன்னு மாதிரி."

மேடத்தைத் தெரியாதவர்களுக்கு: செஞ்சியில் இருபத்தெட்டு வருஷம் வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர் படித்தவர். மீட்டரைப் படித்துப் படித்து மனுஷர்களையும் படிக்கக் கற்றுக்கொண்டார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கூட்ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்தபோது ஊரே சிரித்தது. இன்று அதே ஊர்தான் படியேறி வருகிறது. நான் பீமாராவ். அவருடைய உதவியாளன், பழைய ஆம்னி வேனின் ஓட்டுநர், சமயத்தில் திட்டு வாங்கிக்கொள்ளும் ஆள்.

நாங்கள் அப்போது நின்றது தேவராஜ் வீட்டுக் கொல்லைப்புறத்தில். தகரக் கூரை போட்ட ஒரு சின்னப் பட்டறை. ஒரு வைஸ், ஒரு வெல்டிங் மெஷின், சுவரில் வரிசையாகச் சுத்தியல்கள். எங்களுக்கு எதிரே தேவராஜின் மனைவி ஜெயந்தி, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றார். அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை மாஜிஸ்திரேட் முன்னால் தேவராஜ் 'நான்தான் திருடினேன்' என்று வாக்குமூலம் கொடுக்கப் போகிறார். அதற்குள் அவர் திருடவில்லை என்று காட்ட வேண்டும்.

விஷயம் இதுதான். தேவராஜுக்கு மூன்று பங்காளி வீடுகள் உண்டு. எல்லாரும் தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் சமணக் குடும்பங்கள். நாலு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சாண் உயரத்தில் ஐம்பொன் ஆதிநாதர் சிலை. வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துப் பூஜை செய்வார்கள். தீபாவளி விடியலில் சிலை அடுத்த வீட்டுக்குப் போகும். இந்த வருஷம் தேவராஜ் வீட்டு முறை. ஆனால் வைத்திருந்த பெரிய பங்காளி பார்சுவநாதன் கொடுக்கவில்லை. ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

அதற்கடுத்த அமாவாசை. ஊர் போலீஸ் மொத்தமும் மேல்மலையனூர் கோயில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போயிருந்தது. பார்சுவநாதன் வீட்டார் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது பெட்டியே இல்லை. இரண்டு நாள் கழித்து மண்டகப்பட்டு ரோட்டோரப் பள்ளத்தில் பெட்டி மட்டும் கிடைத்தது. ஒரு பக்கத்தைச் சதுரமாக அறுத்திருந்தார்கள். உள்ளே சிலை இல்லை.

அறுத்தது பிளாஸ்மா கட்டர் என்று போலீஸ் கண்டுபிடித்தது. செஞ்சி வட்டாரத்தில் அதை வீட்டில் வைத்திருந்தது தேவராஜ் ஒருவர்தான். ஜீப் வந்து நின்றதும் தேவராஜ் வீட்டுக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாராம். அப்புறம், 'நான்தான், வாங்க போலாம்' என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாராம். பதினோரு நாள் ஆகிறது.

"சிலை எங்கன்னு கேட்டதுக்கு ஏரியில போட்டுட்டேன்னு சொல்லியிருக்காரு மேடம்!" ஜெயந்தியின் குரல் உடைந்தது. "குடிக்கிற தண்ணியையே துணியில வடிகட்டிக் குடிக்கிற மனுஷன். ஒரு பூச்சி செத்துடக் கூடாதுன்னு விறகைத் தட்டித் தட்டி வைப்பாரு. அவரு போய் சாமியைத் தண்ணியில போடுவாரா? யாரு சொல்லிக் குடுத்த பொய்யி இது?"

"அந்தக் கேள்வியைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் மேடம். "மெஷினை எப்ப வாங்கினீங்க?"

"ஆறு மாசம் இருக்கும். அவரும் எங்க பொண்ணு கிருத்திகாவும் போன்ல வீடியோவா பார்த்துப் பார்த்து, இருக்கறதுலயே விலை கம்மியான ஒண்ணை வரவழைச்சாங்க. அவ மெக்கானிக்கல் டிப்ளமா. பேர்ப்பலகை, விளக்கு, தகட்டுல மயிலுன்னு வீட்லயே செஞ்சி விக்கலாம்னு ஒரே ஆசை. மெஷின் வந்த அன்னிக்கு அதுக்குத் திருஷ்டி கூட கழிச்சோம்."

"பொண்ணு எங்க?"

"வக்கீலைப் பார்க்க விழுப்புரம் போயிருக்கா. பாவம், நைனாவுக்காக தினம் காலையில ஒரு பிடி அரிசியைக் கிண்ணத்துல எடுத்துக்கிட்டு கோயிலுக்குப் போய்ட்டு வரா. சரியா சாப்பிடறதில்ல."

மேடம் சுவரிலிருந்த சுவிட்ச் பலகையைப் பார்த்தார். அப்புறம் மீட்டர் பெட்டி. அப்புறம் இரண்டுக்கும் நடுவே ஓடும் வயர். பழைய காதலனைப் பார்ப்பது போலப் பார்த்தார் என்று சொன்னால் அடி விழும், சொல்லவில்லை.

"ஜெயந்திம்மா, வீட்ல அயர்ன் பாக்ஸ் இருக்குதா? இண்டக்ஷன் அடுப்பு? வெந்நீர் வைக்கிற கம்பி?"

"இருக்குது."

"எல்லாத்தையும் கொண்டாங்க. பீமா, நீயும் போ."

"மேடம், துணி தேய்ச்சு, சமைச்சு, குளிச்சிட்டுத்தான் துப்பறியப் போறோமா?"

ஐந்து நிமிஷத்தில் மூன்றையும் பட்டறையின் பிளக்குகளில் சொருகினேன். அயர்ன் பாக்ஸ் போட்டதும் மேலே டியூப் லைட் கண் சிமிட்டியது. அடுப்பைப் போட்டதும் மின்விசிறி சோம்பல் முறித்தது. வாளியில் கம்பியை வைத்து மூன்றாவது சுவிட்சைத் தட்டினேன். 'டப்'. வீடே அணைந்தது.

"இவ்வளவுதான் இந்த வீட்டு லைனோட தெம்பு" என்றார் மேடம் இருட்டில் திருப்தியாக. "அந்த மெஷினை முழுசாத் திருப்பினா அது ஒண்ணே இந்த மூணையும் தின்னுடும். அதோட அதுக்குக் காத்து வேணும். காத்துக்கு ஒரு கம்ப்ரசர். அதுக்கும் கரண்டு. ரெண்டும் சேர்ந்தா இந்த வீட்ல ஒரு நிமிஷம் நிக்காது. சிங்கிள் பேஸ்லயே ஓடும்னு விளம்பரத்துல போட்டிருப்பான். யாரு வீட்டு சிங்கிள் பேஸ்ல ஓடும்னு போட மாட்டான்."

"அப்படின்னா..." ஜெயந்தி பாதியில் நிறுத்தினார்.

"பெட்டியை இங்க அறுக்கல. போலீஸ் இங்கதான்னு எழுதியிருக்குது. மெஷினைத் தூக்கிட்டுப் போன போலீஸ்காரங்க, அதுக்குக் காத்து எங்கேர்ந்து வந்துச்சின்னு யாரும் கேக்கல. உங்க கம்ப்ரசர் எங்க?"

ஜெயந்தி மூலையைப் பார்த்தார். சிமெண்ட் தரையில் நான்கு சக்கரத் தடம் மட்டும் இருந்தது.

"அது... தீபாவளி முடிஞ்சதுமே காணோம். வித்துட்டாருன்னு நெனைச்சேன்."

மேடத்தின் கண் மின்னியது. "பீமா, வண்டியை எடு. இனிமே நாம கரண்டைத் தேட வேணாம். காத்தைத் தேடுவோம்."

*

திருவண்ணாமலை ரோட்டில் வெல்டிங் கடை வைத்திருக்கும் பாண்டுரங்கன் எனக்குத் தூரத்து மாமா. எவ்வளவு தூரம் என்றால், கல்யாணப் பத்திரிகை வரும், பந்தியில் இடம் இருக்காது.

"வாங்க ஈ.பி. அம்மா" என்று எழுந்தவர் என்னைப் பார்த்ததும், "நீயுமா?" என்றார்.

"மாமா, உங்க பாசம் என்னை வெல்டு வச்ச மாதிரி பிடிக்குது."

"உன் வாயைத்தான்டா முதல்ல வெல்டு வைக்கணும்."

மேடம் நேராக விஷயத்துக்கு வந்தார். தேவராஜ் மெஷின் வாங்கும்போது யாரையாவது யோசனை கேட்டாரா?

"என்னைத்தான் கேட்டாரு" என்றார் பாண்டுரங்கன். "நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். 'மெஷினை அப்புறம் வாங்குங்க, முதல்ல கரண்டை வாங்குங்க'ன்னேன். யாரு கேட்டா? வந்த முதல் நாளே வீட்ல ப்யூஸ் போச்சு. பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்துட்டான். நீளமா ஒரு மெல்லிசு வயரை இழுத்துப் பார்த்தாங்க, அது சூடாகி உருகிப் போச்சு. அப்புறம் வந்து என்ன பண்றதுன்னு கேட்டாரு. பம்ப்செட் லைன் எங்கயாவது இருந்தா அங்க கொண்டு போங்க, மூணு பேஸ் இருக்கும், கட்டரை ஒரு பேஸ்ல போடுங்க, கம்ப்ரசரை இன்னொண்ணுல போடுங்க, ஒண்ணை ஒண்ணு இழுக்காதுன்னேன்."

"விவசாயக் கரண்டை அதுக்குப் போட்டா நான் சர்வீஸ்ல இருக்கும்போது கேஸ் எழுதியிருப்பேன்."

"அதனாலதான் இப்ப சொல்றேன்."

மேடம் செல்போனில் பெட்டியின் படத்தை எடுத்துக் காட்டினார். அறுத்த விளிம்பின் அடியில் உருகிய இரும்பு மணிமணியாகத் தொங்கி உறைந்திருந்தது. பாண்டுரங்கன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"காத்து பத்தல. நல்லா காத்து வந்தா இந்தப் பிசிறு கீழ பறந்துடும். இது தேவராஜ் வீட்டு கம்ப்ரசரேதான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அது காத்தை இழுக்கற வாயில வெள்ளைத் துணியைக் கட்டி வச்சிருப்பாங்கம்மா. பூச்சி பொட்டு உள்ள போய்ச் செத்துடக் கூடாதாம். 'யோவ், மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடச் சொன்னா எப்படி ஓடும்'னு கேட்டேன். பரவால்ல, மெதுவா அறுத்துக்கறோம்னுட்டாரு."

எங்களோடு வந்து வேன் ஓரமாக நின்ற ஜெயந்தியின் முகம் செத்துவிட்டது. பெட்டியை அறுத்த காற்று தன் வீட்டுக் காற்று என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. காப்பாற்றக் கூப்பிட்டு வந்த ஆளே கழுத்தை நெரிப்பது போலத்தான் இருந்தது.

மேடம் அசரவில்லை. "இன்னொரு கேள்வி. அந்த மெஷினோட திருகை எதுல வச்சு ஓட்டணும்?"

"நாப்பது வரைக்கும் போட்டிருக்கும். ஆனா நாப்பதுல யாரும் வைக்க மாட்டான். விலை கம்மி மெஷின், நெருப்பு கக்கற முனை, அந்த நாசில், எரிஞ்சிடும். முப்பதைத் தாண்டக் கூடாது. நாப்பதுல வச்சேன்னு எவனாவது சொன்னா, அவன் மெஷினை ஓட்டினவன் இல்ல, டப்பா மேல எழுதியிருந்ததைப் படிச்சவன்."

மேடம் மெதுவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஓடுகிற மீட்டரைக் காந்தம் வைத்து நிறுத்தியவர்கள் எல்லாரும் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

"ஸ்டேஷன்ல தேவராஜ் சொன்னதை எழுதி வச்சிருக்காங்க. 'திருகை நாற்பது ஆம்பில் வைத்து அறுத்தேன்.' இப்ப மெஷினைப் பாருங்க."

மெஷினின் படத்துக்குத் தள்ளிப் பெரிதாக்கினார். திருகைச் சுற்றியிருந்த எண்களில் முப்பதுக்கு நேரே நகச்சாயம் போல மினுங்கும் ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு.

"கம்பெனி வச்ச அடையாளம்னு நெனைச்சேன் மேடம்" என்றேன்.

"கம்பெனி எண்ணை அச்சடிக்கும், பொட்டு வைக்காது. கையால ஓட்டினவங்க, மறக்கக் கூடாதுன்னு வச்ச பொட்டு. ஓட்டினவங்களுக்கு முப்பதுன்னு தெரியும். தேவராஜுக்குத் தெரியல. அந்த மெஷினை அவர் ஒரு தடவை கூட ஓட்டல ஜெயந்திம்மா. உங்க வீட்டுக்காரர் பொய் சொல்றாரு. அவர் அறுக்கல."

ஜெயந்தி அப்படியே வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். பதினோரு நாளில் முதல் தடவையாக அந்த அழுகையில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. என் தூரத்து மாமா கூட உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தார். ஜெயந்தி அதை வாங்கி, வாய் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். வடிகட்டாத தண்ணீர். அந்த நிலைமையிலும்.

"பம்ப்செட்டுன்னு சொன்னாரே" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வல்லத்துல எங்களுக்குக் கழனி இருக்குது மேடம். கிணறு வத்திப் போச்சு. ரெண்டு வருஷமா பயிர் வைக்கல. ஆனா மோட்டார் ஷெட்டுக்கு லைன் இன்னும் இருக்குது. யாராவது அங்க பூந்து வேலை பார்த்திருப்பாங்க. போய்ப் பார்க்கலாம் வாங்க. கண்டிப்பா ஏதாவது கிடைக்கும்."

அந்த அவசரத்தில் வேன் கதவை அவரே திறந்து ஏறி உட்கார்ந்தார்.

வழியில் வீட்டில் நிறுத்தி ஷெட் சாவியை எடுத்து வந்தார். ரெண்டு வருஷமாக ஆணியில் தொங்கிய சாவி என்றார். மேடம் அதைக் கையில் வாங்கிக் கட்டை விரலால் தடவினார். தூசியும் இல்லை, துருவும் இல்லை. எண்ணெய் மினுக்கம் இருந்தது. பிறகு சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நானும் அதைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். வேன் ஓட்டும்போது நான் வாயை மூடிக்கொண்டிருப்பது அதிசயம் என்று மேடம் சொல்வார். அன்று சொல்லவில்லை.

*

வல்லத்தைத் தாண்டி மண் ரோட்டில் இறங்கினோம். இரண்டு பக்கமும் மணிலாக் கடலை போட்டிருந்தார்கள். நடுவே தேவராஜ் கழனி மட்டும் கோரையும் நெருஞ்சியுமாகக் கிடந்தது. கிணற்று மேட்டில் ஷெட்.

"ஒரு இரும்புப் பெட்டியை இவ்வளவு தூரம் தூக்கிட்டு வர எத்தனை ஆள் வேணும் மேடம்?" என்று கேட்டேன்.

"ஸ்டேஷன்ல நான் தூக்கிப் பார்த்தேன். ஒரு கேஸ் சிலிண்டர் கனம்."

"என் வீட்டுக்காரி சிலிண்டரைத் தனியாத் தூக்கி மாட்டுவா. நான் ஊக்கம் மட்டும் குடுப்பேன்."

சொல்லிவிட்டு ஏன்தான் சொன்னோம் என்று ஆகிவிட்டது. மேடம் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை அப்படி.

பூட்டு சாவியைப் பார்த்ததும் திறந்துகொண்டது. உள்ளே எங்கும் தூசி. மோட்டார் மேல் தூசி, ஸ்டார்ட்டர் பெட்டி மேல் தூசி, ஜன்னல் கம்பியில் ஒட்டடை. மேடம் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தார். அதிலிருந்து இரண்டு தடித்த வயர்கள் தனித்தனி பேஸில் பிரிந்து வந்தன. ஒவ்வொரு முனையிலும் ஒழுங்காகச் செம்பு வளைய லக் அழுத்தி, நிறம் பார்த்து டேப் சுற்றியிருந்தது.

"என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான திருட்டு லைனைப் பார்த்ததில்ல. படிச்ச கை" என்றார்.

வயர்களின் மறுமுனையில், சுவரோரமாக, கம்ப்ரசர் நின்றது. அதன் காற்று இழுக்கும் வாயில் வெள்ளைத் துணி.

"அவர்தான்" என்றார் ஜெயந்தி. குரலே எழும்பவில்லை. "அவர் கட்டற துணிதான். அப்ப அவர்தானா மேடம்? இவ்வளவு நேரம் இல்லன்னு சொன்னீங்களே?"

"இப்பவும் இல்லன்னுதான் சொல்றேன்." மேடத்தின் குரலில் வெற்றி இல்லை. "உங்க வீட்டுக்காரர் உள்ள போய் எத்தனை நாள் ஆகுது?"

"பதினொண்ணு."

"இங்க எல்லாத்துக்கும் மேல தூசி இருக்குது. துணியைப் பாருங்க."

பார்த்தேன். நீலம் போட்டு அலசிய வெள்ளை. மடிப்புக்கூடக் கலையவில்லை. நேற்றோ இன்று காலையோ கட்டியது.

"மெஷின் போலீஸ்கிட்ட இருக்குது. இந்த கம்ப்ரசர் ஓட வேண்டிய வேலையே இல்ல" என்றார் மேடம். "ஓடாத கம்ப்ரசர் பூச்சியை இழுக்காது. அதுக்கு எதுக்கு தினம் துவைச்ச துணி?"

அவர் குனிந்தார். கம்ப்ரசருக்கு முன்னால் தரையை ஒரு முழ அளவுக்குப் பெருக்கி, சாணி மெழுகியிருந்தது. அதன் மேல் பச்சரிசி, சின்னச் சின்னக் குவியலாக. ஒரு அரிசி கூட உடையாதது.

மேடம் விரல் முட்டியால் டேங்கைத் தட்டினார். காலி டேங்க் கணீரென்று கேட்க வேண்டும். 'டொக்' என்றது. எட்டி அடிப்பக்கம் பார்த்தார். நானும் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். டேங்கின் அடியில் சதுரமாக அறுத்து, அதே தகட்டை மறுபடி வைத்து நாலு போல்ட் முடுக்கியிருந்தது. அந்த டேங்கின் காற்றாலேயே அதை அறுக்க முடியாது; விளிம்பில் ரம்பத்தின் பல் தடம்.

நான் துள்ளி எழுந்தேன். "மேடம்! சிலை! ஸ்பேனர் வண்டியில இருக்குது, ரெண்டு நிமிஷத்துல..."

"தொடாதீங்க."

சொன்னது ஜெயந்தி. அந்தக் குரலை நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

"செருப்போட நிக்கறோம்" என்றார்.

மூன்று பேரும் வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தோம். வாசற்படியைத் தாண்டியதும் ஜெயந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துணியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். ஓரத் தையல் ஜெயந்தியே வீட்டில் போட்டது. அதை இங்கே கட்டியது யார் என்று எனக்கே தெரிந்தது, அவர் சொல்லவே வேண்டியதில்லை. அரிசிக் கிண்ணத்தோடு தினம் காலையில் கிளம்பும் மகள், நகச்சாயத்தில் வைத்த சிவப்புப் பொட்டு, டிப்ளமா படித்த கை. ஒவ்வொன்றாக அந்த அம்மா மனசுக்குள் வந்து விழுவது முகத்தில் தெரிந்தது. துப்பறியும் வேலையில் இந்த இடத்தைத்தான் எல்லாரும் ரசித்துப் படிப்பார்கள். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எனக்கு இந்தத் தொழிலே அன்று வெறுத்துவிட்டது.

"தீபாவளி அன்னிக்கு விடியகாலையில" என்றார் ஜெயந்தி, "அவளும் அவங்க நைனாவும் தலை குளிச்சிட்டு, புதுத் துணி கட்டிக்கிட்டு, சாமியை வாங்கிட்டு வரப் போனாங்க. பார்சுவநாதன் மாமா வாசல்லயே நிறுத்திட்டாரு. 'உனக்கு ஆம்பளைப் பிள்ளை இல்ல தேவராஜு. பொண்ணு நாளைக்கு வேற வீட்டுக்குப் போயிடுவா. உன்னோட முறை முடிஞ்சிடுச்சு, இனிமே மூணு வீடுதான்'னாரு. அவ காது கேக்கச் சொன்னாரு மேடம். அவ ஒரு வார்த்தை பேசல. அந்த வாரம்தான் கம்ப்ரசர் காணாம போச்சு."

"முறைப்படி வர வேண்டியதை எடுத்துக்கிட்டு வந்துட்டா" என்றார் மேடம். "போலீஸ் வரும்னு நெனைக்கல. வந்தப்போ அவர் திரும்பிப் பார்த்தாருன்னு சொன்னீங்களே, அவ முகத்தைப் பார்த்திருக்காரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவளையும் பேச விடல."

"இதை எடுத்துக் குடுத்துட்டா?" நான் கேட்டேன். "சிலைதான் கிடைச்சிடுச்சே. பெரியவர் கால்ல விழுந்தாவது..."

"காலையில அவரைப் பார்த்துட்டுத்தான் வந்தேன். பேச்சே வேணாம், கோர்ட்டுல பார்த்துக்கலாம்னுட்டாரு. கேஸ் அவர் கையிலயும் இல்ல இப்ப." மேடம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சிலையைக் குடுத்தா, எங்க இருந்துச்சு, யாரு வச்சாங்கன்னு வரும். பொண்ணு உள்ள போவா. குடுக்கலன்னா அப்பா உள்ள இருப்பாரு. நான் கண்டுபிடிச்சது இதுதான் ஜெயந்திம்மா. கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்."

வெளியே வெயில் மஞ்சளாகச் சாய்ந்துவிட்டது. ஜெயந்தி பொழுதைப் பார்த்தார். பொழுது சாய்ந்தால் அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள்.

"அவ விழுப்புரத்துலேர்ந்து வந்திருப்பா. நான் போகாம சாப்பிட மாட்டா" என்றார். எழுந்திருக்கவில்லை. சிதறியிருந்த ஒரு அரிசியை எடுத்துக் குவியலில் சேர்த்தார். பிறகு நிமிர்ந்து, கடையில் விலை கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டார். "மேடம், அந்த மெஷினுக்கு எப்படிக் கரண்டு குடுக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?"

எனக்குப் புரியவில்லை. மேடத்துக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம்மா."

"திங்கக்கிழமை நானும் கோர்ட்டுக்குப் போறேன். நான்தான் அறுத்தேன்னு சொல்றேன். என் வீட்டு முறையை இல்லன்னு சொன்னாங்க, கோவத்துல எடுத்தேன். சிலையை நானே குடுத்துடறேன். அவர் வெளிய வரணும், அவ உள்ள போகக் கூடாது. வேற வழி இருந்தா சொல்லுங்க, கேக்கறேன்."

இருபத்தெட்டு வருஷம் பொய் மீட்டர்களைப் பிடித்த மேடம், டேப் சுற்றிய வயர் முனையை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். நான் சொல்ல ஏதாவது ஒரு கேலி கிடைக்குமா என்று தேடினேன். அந்த அம்மாவின் முகத்தில் அதற்கு இடமே இல்லை.

"கேப்பாங்க இல்ல?" என்றார் ஜெயந்தி. "எப்படி ஓட்டினேன்னு கேப்பாங்க. எனக்கு மிக்ஸி ஓட்டத்தான் தெரியும். தப்பாச் சொன்னா நம்ப மாட்டாங்க."

மேடம் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இங்க பாருங்க. இந்தச் சிவப்பு டேப்பு போட்ட வயரு கட்டருக்கு. மஞ்சள் போட்டது கம்ப்ரசருக்கு. ரெண்டும் வேற வேற பேஸ்."

"கட்டர் ஒரு பேஸ். கம்ப்ரசர் ஒரு பேஸ்."

"முதல்ல காத்து. அஞ்சு நிமிஷம் ஓட விட்டு டேங்க் நிறையணும். அப்புறம்தான் மெஷின் சுவிட்ச்."

"முதல்ல காத்து, அப்புறம் சுவிட்ச்." பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விரல் மடக்கினார். "துணி?"

"அதை நீங்களே சொல்லிடுவீங்க."

"ஆமா, அது தெரியும்." லேசாகச் சிரித்தார். "அப்புறம் அந்தத் திருகு. எத்தனையில வச்சேன்னு கேட்டா, நாப்பதுன்னு சொல்லணும். இல்ல?"

மேடம் கம்ப்ரசரின் துணியைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பதுன்னு சொல்லுங்கம்மா. நாப்பதுன்னு சொன்னவரைத்தான் நான் பொய்யின்னு கண்டுபிடிச்சேன்."

"முப்பது" என்றார் ஜெயந்தி. வேனில் வீடு போய்ச் சேரும் வரைக்கும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.